ஒன்பது நிமிடம்

ரிங்லெட் கடைத்தெரு. விடிய இன்னும் நேரமிருக்கிறது, ஐந்தரை.
கோப்பிக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது.
வேன் கதவைப் பிடித்தபடி ஆள் எண்ணுகிறேன்:
கிள்ளானிலிருந்து, வங்கியில் ஓய்வு பெற்ற கேசவமூர்த்தி,
புதுச் சப்பாத்து கடிக்கும் அவர் மனைவி,
பினாங்கிலிருந்து திருமதி ஊய்,
கழுத்தில் கைக்குழந்தை கனத்தில் கேமரா.
காஜாங் பையன் ஒருவன், நின்றபடியே தூங்குகிறான்.

ஆளுக்கு எண்பது வெள்ளி.
மூன்று மணி நேரம், மழைக்கோட்டு இலவசம்.
மிருகத்துக்கு உத்தரவாதமில்லை என்று
ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.
யாரும் படிப்பதில்லை.

தேயிலைக்கு நடுவே வேன் வளைந்து ஏறுகையில்
"நீங்க இந்தத் தோட்டமா?" என்கிறார் அந்த அம்மா.
ஆமாம். பதினோராம் நம்பர்.
வெட்டும் இயந்திரத்தை இருபுறமும்
இரண்டு பேர் பிடித்து நடக்க வேண்டும்.
ஆறு வருடம் நான் இடப்பக்கம்.
மலை எனக்கு அப்போது
முதுகுக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒன்று.

பாசிக்காட்டின் வாயில் பா ஜாங் காத்திருக்கிறார்,
செமாய்க்காரர், பேச்சுக் குறைவு.
முன்னால் அவர், கடைசியில் நான்,
நடுவே நான்கு எண்பது வெள்ளிகள் மூச்சு வாங்குகின்றன.

இந்த உயரத்தில் மரங்கள் குள்ளம்.
ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு
யாரோ எழுப்பிவிட்ட கோபத்தில் நிற்கின்றன.
குடுவைச் செடிக்குள் எட்டிப் பார்க்கிறான் பையன்:
ஓர் எறும்பின் கடைசிக் குளியல்.

தூரத்துச் சரிவில் சியாமாங் இரண்டு
தொண்டையை ஊதிக்கொண்டு கத்துகின்றன.
எங்கே எங்கே என்று கேமரா சுழல்கிறது.
பனிதான் எங்கும்.
காது பார்த்தது போதாதா என்று நான் சொல்வதில்லை.
கண்ணுக்குத்தான் கட்டணம்.

அப்புறம், சேற்றில் ஒரு பிளந்த குளம்பு.
தண்ணீர் இன்னும் ஊறி நிறையவில்லை.
பா ஜாங் விரல் வைத்து அளந்து
"கம்பிங் குருன்" என்கிறார், தனக்கே சொல்வதுபோல.
"ஓ, வரையாடு! ஊட்டி டூரில் பார்த்தேன்,
பஸ் ஜன்னல் வழியா" என்கிறார் கேசவமூர்த்தி.
இது அதில்லை சார்.
இது கறுப்பு, பிடரி மயிர், தனியாய்த் திரியும்.
இதற்கு நம் ஆட்கள் யாரும் பேர் வைக்கவில்லை.
நாங்கள் தேயிலை உயரத்துக்குக் குனிந்திருந்தோம்.

"நீங்க பார்த்திருக்கீங்களா அக்கா?"
பையன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.
நான்கு வருடம். இருநூறு நடைக்கு மேல்.
"இல்ல தம்பி."
திருமதி ஊய்க்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டார்.
அதற்குப் பிறகு எல்லோரும்
கொஞ்சம் லேசாக நடந்தார்கள்.

வியாழக்கிழமை பா ஜாங் போனில் அனுப்பினார்,
மரத்தில் கட்டிய இலாகா கேமராவின் படங்கள்.

7.03. நாங்கள். ஆறு முதுகுகள்.
கேசவமூர்த்தி இடுப்பைப் பிடித்தபடி.
கடைசியில் நான்,
திரும்பிப் பார்க்காமல்.

7.12.
அது.
என் சப்பாத்துத் தடத்தில் மூக்கு.
காது இரண்டும் நாங்கள் போன திசையில்.
ஒரு முன்னங்காலைத் தூக்கியிருக்கிறது,
வைக்கலாமா வேண்டாமா என்று.

நான்கு பேருக்கும் அனுப்பினேன்.
திருமதி ஊய் ஏழு இதயம் போட்டார்.
"அதனிடம் எண்பது வெள்ளி வாங்கினீர்களா?"
என்று கேட்டிருந்தார் கேசவமூர்த்தி.
பையனிடமிருந்து ஒன்றுமில்லை.

சனிக்கிழமை ஐந்தரை.
பாதி ஏறிய ஷட்டர் முன் அவன் நிற்கிறான், தனியாக.
கசங்கிய ஐந்து வெள்ளி நோட்டுகள் பதினாறு.
"இன்னைக்குக் கடைசியில நான் நடக்கட்டுமா?"

விட்டுக்கொடுத்தேன்.
வழி நெடுக
என் காது இரண்டும் பின்னால்தான் இருந்தன.